பெர்லின், லைடன், கேம்பிரிட்ஜ்: போர்க்காலத் தபாலில் பயணித்த ஒரு கோட்பாடு

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916 மே மாதம் ‘அப்சர்வேட்டரி’ என்ற ஆங்கில வானியல் இதழில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஹெர்பர்ட் ஹால் டர்னர் தம் வழக்கமான பத்தியில் ஒரு கணக்கை முடித்துவைத்தார். ஜெர்மனியைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டு சர்வதேசச் சட்டத்தின் தரத்தை அவர்கள் மட்டத்துக்கு இறக்கலாம். இல்லையென்றால் அவர்களை வெளியே நிறுத்தித் தரத்தை உயர்த்தலாம். மூன்றாவது வழி கிடையாது என்று எழுதினார். டர்னர் ஒன்றும் வெறியர் அல்லர். பல நாட்டு வானாய்வகங்கள் சேர்ந்து வானம் முழுவதையும் படமெடுத்த திட்டத்தில் உழைத்தவர். அவரே இப்படி எழுதினார் என்றால் மற்றவர்களின் மனநிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஏறக்குறைய அதே வாரங்களில் கேம்பிரிட்ஜ் பேராசிரியரும் ராயல் வானியல் கழகத்தின் செயலாளருமான ஆர்தர் எடிங்டனுக்கு நெதர்லாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் லைடன் பல்கலைக்கழக வானியல் பேராசிரியர் வில்லெம் டி சிட்டர். பெர்லினில் ஐன்ஸ்டைன் ஈர்ப்புக்குப் புதிய கோட்பாடு ஒன்றை முடித்திருக்கிறார், அது வானியலாளர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் என்பது சேதி. எடிங்டன் ஜூனில் பதில் போட்டார். ஐன்ஸ்டைனின் புதிய வேலை பற்றி இதுவரை அரைகுறை வதந்திதான் காதில் விழுந்தது, இங்கிலாந்தில் யாருக்கும் அந்தக் கட்டுரையின் விவரம் தெரியும் என்று தோன்றவில்லை என்று எழுதினார்.

அந்தப் புதிய கோட்பாடுதான் பொதுச் சார்பியல். அது எப்படி உலகப் புகழ் பெற்றது என்று கேட்டால் நமக்குச் சொல்லப்படும் கதை 1919 சூரியகிரகணத்தில் தொடங்கும். மேகம், தொலைநோக்கி, கண்ணாடித் தகடுகள், பத்திரிகைத் தலைப்பு. நல்ல கதைதான். ஆனால் அதில் கனமான வேலை மூன்று ஆண்டு முன்பே, ஒரு கழகச் செயலாளரின் மேசைக்கு வந்து போகும் அன்றாடத் தபாலில் நடந்தது என்பது என் எண்ணம். கட்டுரை எழுதித் தர முடியுமா என்று கேட்பது, தனிப்பிரதி அனுப்பிவைப்பது, விளங்காத இடத்தைக் கேட்பது, ஒப்புக்கொள்ளாத இடத்தில் மறுத்து எழுதுவது. இந்த ஆய்வு அந்தத் தபாலைப் பற்றியது.

எல்லாம் அடைபட்ட நேரம்

போர் மூண்ட 1914 ஆகஸ்டிலேயே சார்பியலுக்கு முதல் அடி விழுந்தது. ஆகஸ்ட் 21 அன்று கிரைமியாவில் முழுச் சூரியகிரகணம். சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி வளைகிறதா என்று பார்க்க வானியலாளர் எர்வின் ஃப்ராய்ன்ட்லிக் பெர்லினிலிருந்து கருவிகளோடு போயிருந்தார். அதற்குள் ஜெர்மனியும் ரஷ்யாவும் எதிரி நாடுகளாகிவிட்டன. ஆட்களைப் பிடித்து வைத்தார்கள், கருவிகளைப் பறித்துக்கொண்டார்கள். பிறகு ரஷ்யக் கைதிகளுக்கு ஈடாக ஃப்ராய்ன்ட்லிக் குழு விடுவிக்கப்பட்டது. கீவ் பக்கம் முகாமிட்டிருந்த அமெரிக்கக் குழுவை யாரும் பிடிக்கவில்லை. அவர்களை மேகம் மறைத்தது. இதில் ஐன்ஸ்டைனுக்கு ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. அப்போது அவர் கணித்திருந்த வளைவு, சரியான மதிப்பில் பாதிதான்.

அக்டோபரில் ஜெர்மன் அறிஞர்கள் 93 பேர் கையெழுத்திட்ட அறிக்கை வந்தது. பெல்ஜியத்தில் ஜெர்மன் படை அட்டூழியம் செய்யவே இல்லை என்றது அது. பிளாங்க், ஹாபர், நெர்ன்ஸ்ட், ரோண்ட்கன் எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள். பிரிட்டனிலும் பிரான்சிலும் இந்த அறிக்கை கிளப்பிய கசப்பு போர் முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் தணியவில்லை. ஐன்ஸ்டைன் அதில் கையெழுத்திடவில்லை. அதற்கு எதிராக நிகோலாய் என்ற மருத்துவர் தயாரித்த அறிக்கையில் கையெழுத்திட்டார். அந்த இரண்டாவது அறிக்கைக்குச் சேர்ந்த கைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

நேரடி அஞ்சல் நின்றது. ஆய்விதழ்களின் போக்குவரத்து அறுந்தது. புதிய வால்மீன் கண்டால் தந்தி கொடுத்து உலகுக்கு அறிவிக்கும் மைய அலுவலகம் ஜெர்மனியின் கீல் நகரில் இருந்தது. அந்த வேலையை நடுநிலை நாடான டென்மார்க்கின் கோபன்ஹேகன் எடுத்துக்கொண்டது. வால்மீன் அறிவிப்பு நாலு வரித் தந்தி. அதற்கு வழி பண்ணிவிடலாம். எட்டு ஆண்டு உழைத்துக் கட்டிய, பெரும்பாலான வானியலாளர்கள் படித்தே இராத கணிதத்தில் எழுதிய கோட்பாட்டுக்கு என்ன வழி?

அந்தக் கோட்பாடு முடிந்தது 1915 நவம்பரில். பிரஷ்ய அறிவியல் கழகத்தில் வாரம் ஒன்றாக நான்கு கட்டுரைகள்: நவம்பர் 4, 11, 18, 25. மூன்றாவதில் புதன் கோளின் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) கூடுதலாகத் திரும்பும் பழைய புதிர் அவிழ்ந்தது. நான்காவதில் இறுதிச் சமன்பாடுகள்.

முதல் பதில் கடிதங்களில் ஒன்று ராணுவ அஞ்சலில் வந்தது. போட்ஸ்டாம் வானாய்வக இயக்குநர் கார்ல் சுவார்ட்ஸ்சைல்ட் நாற்பது வயதில் தாமாகவே படையில் சேர்ந்தவர். வானிலைக் கணிப்பும் பீரங்கிக் குண்டுகளின் பாதைக் கணக்கும் அவர் வேலை. 1915 டிசம்பர் 22 தேதியிட்ட கடிதத்தில், ஒற்றை உருண்டை நிறையைச் சுற்றி ஐன்ஸ்டைன் சமன்பாட்டுக்குத் துல்லியமான தீர்வைப் போட்டு அனுப்பினார். ஐன்ஸ்டைனே அதுவரை தோராயக் கணக்கைத்தான் வைத்திருந்தார். கடுமையான பீரங்கிச் சத்தத்துக்கு நடுவிலும் உங்கள் கருத்துகளின் நாட்டில் இப்படி உலாவிவர இந்தப் போர் எனக்கு இடம் கொடுத்திருக்கிறது என்று முடித்திருந்தார். இவ்வளவு எளிமையாக ஒரு துல்லியத் தீர்வு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று ஐன்ஸ்டைன் பதில் எழுதினார். ஜனவரி 13 அன்று அவரே அதைக் கழகத்தில் வாசித்தார். மே 11 அன்று சுவார்ட்ஸ்சைல்ட் தோல் நோயொன்றால் இறந்தார். 42 வயது. கருந்துளை பற்றி இன்று யார் பேசினாலும் அந்தத் தீர்வில்தான் தொடங்க வேண்டும்.

ஏன் டி சிட்டர்?

நெதர்லாந்து நடுநிலை நாடு. பெர்லினிலிருந்தும் தபால் வரும், லண்டனுக்கும் தபால் போகும். அது மட்டும் போதும் என்றால் ஆம்ஸ்டர்டாமில் யாராவது ஒரு நண்பர் உறையை மாற்றி அனுப்பியிருந்தாலே காரியம் முடிந்திருக்கும். தபால் தாண்டுவது ஒன்று, கோட்பாடு தாண்டுவது வேறு.

லைடனில் அப்போது அபூர்வமான ஒரு கூட்டம் இருந்தது. இயற்பியலாளர் லோரன்ஸ் அங்கே இருந்தார். ஐன்ஸ்டைன் தகப்பனைப் போல மதித்த மனிதர். இன்னோர் இயற்பியலாளர் ஏரன்ஃபெஸ்ட் இருந்தார், ஐன்ஸ்டைனுக்கு உயிர்த்தோழர். பெர்லினில் எத்தனை பேர் அந்தச் சமன்பாடுகளைப் புரிந்துகொண்டார்களோ, லைடனில் அதைவிட அதிகம் பேர் புரிந்துகொண்டார்கள் என்று துணிந்து சொல்லலாம்.

டி சிட்டர் அந்தக் கூட்டத்தின் வானியலாளர். வியாழனின் நிலவுகள் பற்றிய கணக்கில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1897 முதல் 1899 வரை தென்னாப்பிரிக்காவில் கேப் வானாய்வகத்தில் டேவிட் கில்லிடம் வேலை பார்த்தவர். ஆங்கிலேய வானியலாளர்களின் பேச்சும் பழக்கமும் அவருக்கு அங்கே பழகிப்போனது. 1911இல் ராயல் வானியல் கழகத்தின் ‘மந்த்லி நோட்டீசஸ்’ இதழிலேயே சார்பியல் தத்துவம் கோள்களின் இயக்கத்தை எப்படிப் பாதிக்கும் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். 1913இல் இரட்டை நட்சத்திரங்களைக் காட்டி, ஒளியின் வேகம் அதை வெளியிடும் பொருளின் வேகத்தைச் சார்ந்ததல்ல என்று வாதிட்டார். ஆக, எடிங்டன் கையில் கிடைத்தது முன்பின் தெரியாத வெளிநாட்டவரின் கடிதம் அல்ல. தம் இதழின் பழைய எழுத்தாளர் ஒருவரின் கடிதம். அதை அச்சுக்கு அனுப்ப எந்தக் குழுவையும் கெஞ்ச வேண்டியதில்லை.

எடிங்டன் பக்கமும் இதே கணக்குதான். அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், போரை ஏற்காதவர். 1913இல் ஜெர்மனிக்குப் போய் அங்குள்ள வானியலாளர்களோடு பழகிவிட்டு வந்தவர். அந்த இடத்தில் டர்னரின் கட்சிக்காரர் ஒருவர் செயலாளராக இருந்திருந்தால் டி சிட்டரின் கடிதத்துக்கு மரியாதையான பதில் போயிருக்கும். அதற்கு மேல் எதுவும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஜூன் 1916

டர்னருக்கு எடிங்டனின் மறுப்பு அதே ‘அப்சர்வேட்டரி’ இதழில் ஜூன் மாதம் வந்தது. பொதுவாக ‘ஜெர்மன்காரன்’ என்று நினைக்காதீர்கள், உங்கள் பழைய நண்பர் பேராசிரியர் இன்னாரை நினைத்துக்கொள்ளுங்கள், அவரைக் கொள்ளைக்காரன் என்றும் குழந்தைக் கொலைகாரன் என்றும் திட்டிக் கொஞ்சம் கோபத்தை வரவழைத்துப் பாருங்கள், கோபம் வராது, சிரிப்புத்தான் வரும் என்கிற தொனியில் எழுதினார். அவர் மனதில் சுவார்ட்ஸ்சைல்ட் இருந்திருப்பார் என்பது என் ஊகம். எதிரிப் படையில் பணியாற்றிய அந்த மனிதருக்கு ராயல் வானியல் கழகத்தின் இதழில் அஞ்சலிக் குறிப்பு எழுதியவரும் எடிங்டன்தான்.

அதே மாதம் டி சிட்டருக்குப் போன பதிலில் இந்த உணர்ச்சியெல்லாம் பெரிதாக இல்லை. அது ஓர் இதழாசிரியரின் கடிதம். உங்களிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை, எழுதிக் கொடுங்கள். டி சிட்டர் எழுதிக் கொடுத்தார். ‘ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடும் அதன் வானியல் விளைவுகளும்’ என்ற பொதுத் தலைப்பில் மூன்று நீண்ட கட்டுரைகள். இரண்டு 1916இலும் மூன்றாவது 1917இலும் ‘மந்த்லி நோட்டீசஸ்’ இதழில் வெளியாயின.

அவை எந்தக் கடலைத் தாண்டி வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் ஃபிளஷிங் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குத் தபால் கப்பல் ஓட்டிய ஸீலாண்ட் நிறுவனம் 1916ஆம் ஆண்டில் மட்டும் மூன்று கப்பல்களைக் கண்ணிவெடிக்குப் பறிகொடுத்தது: ‘பிரின்சஸ் யூலியானா’, ‘மெக்லன்பர்க்’, ‘கோனிங்கின் வில்ஹெல்மினா’. மூன்றாவது கப்பல் போனது ஜூலை 31. எடிங்டனும் டி சிட்டரும் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

இந்தக் கட்டுரைகளைச் சிலர் ‘அறிமுகக் கட்டுரைகள்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். அது நியாயமில்லை. இரண்டாவது கட்டுரையில் டி சிட்டர் தாமாகவே ஒரு விளைவைக் கண்டுபிடித்துச் சேர்த்தார். பூமியும் நிலவும் சேர்ந்து சூரியனின் ஈர்ப்புப் புலத்துக்குள் சுற்றுவதால் நிலவின் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 1.9 வில்விநாடி கூடுதலாகத் திரும்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. ஐன்ஸ்டைன் அதைக் கணக்கிட்டிருக்கவில்லை. நிலவில் வைத்த பிரதிபலிப்பான்கள் மீது லேசர் அடித்து அளந்து 1980களில் அதை உறுதிசெய்தார்கள். வேறொருவர் கோட்பாட்டை வானியலாளர்களுக்கு விளங்கும்படி எழுத உட்கார்ந்தவர், எழுதும்போதே அதை நீட்டித்துவிட்டார். இப்படி நடக்க ஒரு காரணம் உண்டு. வானியல் வாசகனின் முதல் கேள்வி ‘இதில் நான் எதை அளக்கலாம்’ என்பது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

கட்டுரையின் தனிப்பிரதி பெர்லினுக்கும் போயிற்று. ஆங்கில இதழில், போரின் நட்டநடுவில், தம் கோட்பாடு அச்சாகியிருப்பதைப் பார்த்த ஐன்ஸ்டைன் 1917 ஜனவரி 23 அன்று எழுதினார்: இந்த மதிகேட்டின் படுகுழி மீது நீங்கள் ஒரு பாலம் போடுவது அழகான காரியம்.

பெர்லினோடு நடந்த வாக்குவாதம்

பாலம் போட்டவர் வெறும் பாலமாக இருக்கச் சம்மதிக்கவில்லை. 1916 செப்டம்பர் இறுதியில் போர்க்கால எல்லையைக் கடந்து ஐன்ஸ்டைன் லைடன் வந்தபோது இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். அண்டத்தின் கோடியில், எல்லா நிறைகளுக்கும் அப்பால், சமன்பாட்டின் மதிப்புகள் என்னவாக இருக்க வேண்டும் என்பது பேச்சு. ஒரு பொருளின் சடத்துவம், அதாவது தன் இயக்கம் மாறுவதை எதிர்க்கும் தன்மை, முழுவதும் மற்றப் பொருள்களால் வர வேண்டும் என்பது ஐன்ஸ்டைனின் பிடிப்பு. அதற்காக, கண்ணுக்கே எட்டாத தொலைவில் ஏதோ நிறைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். பார்க்கவே முடியாத நிறையைக் கூட்டிக்கொண்டு வருவதற்கும் எந்தப் பொருளையும் சாராமல் தானே நிற்கும் நியூட்டனின் பழைய தனிவெளியைத் திரும்பக் கொண்டுவருவதற்கும் என்ன வித்தியாசம் என்பது டி சிட்டரின் ஆட்சேபம்.

நவம்பர் 1 அன்று அதை எழுத்தில் அனுப்பினார். மூன்றே நாளில் ஐன்ஸ்டைனின் பதில்: நம் பேச்சில் அந்த எல்லை நிபந்தனைகளை நான் அளவுக்கு மீறி அழுத்திவிட்டேன், வருந்துகிறேன், அது ரசனை சார்ந்த விஷயம். பின்வாங்கியது போலத்தான் தெரிகிறது. ஆனால் மனிதர் விடவில்லை. 1917 பிப்ரவரி 2 கடிதத்தில், பழைய யோசனையைக் கைவிட்டேன், இப்போது கண் வைத்திருக்கும் விசித்திரமான யோசனைக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன் என்றார். ஆறு நாள் கழித்து, பிப்ரவரி 8 அன்று, அண்டம் முழுவதற்குமான முதல் சார்பியல் மாதிரியைப் பிரஷ்ய அறிவியல் கழகத்தில் வைத்தார். எல்லையே இல்லாமல் தன்மேல் தானே வளைந்து மூடிய அண்டம். அது நிலையாக நிற்பதற்காகச் சமன்பாட்டில் லாம்டா என்ற ஒரு கூடுதல் உறுப்பு.

மார்ச் 12 கடிதம் எனக்கு மிகவும் பிடித்தது. வானியல் பார்வையில் பார்த்தால் நான் கட்டியிருப்பது ஓர் உயரமான ஆகாயக் கோட்டைதான் என்று ஐன்ஸ்டைனே ஒப்புக்கொள்கிறார். அண்டத்தின் ஆரம் சுமார் ஒரு கோடி ஒளியாண்டு வரும், நம் கண்ணுக்குத் தெரிவது பத்தாயிரம் ஒளியாண்டு என்று கணக்கும் சொல்கிறார். டி சிட்டரின் பதில் மார்ச் 15. உங்கள் கருத்தை யதார்த்தத்தின் மேல் திணிக்காத வரையில் நமக்குள் சண்டை இல்லை. முரண்பாடில்லாத சிந்தனை என்ற வகையில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, வியக்கிறேன். ஆனால் அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை இறுதிச் சம்மதம் தர முடியாது.

ஐந்து நாளில் கணக்குப் போட்டார். மார்ச் 20 அன்று போன கடிதத்தில் அதே சமன்பாட்டுக்கு இன்னொரு தீர்வு இருந்தது. அதில் நிறையே கிடையாது. வெற்று அண்டம். நிறை இருந்தால்தான் சடத்துவம் என்று நம்பியவருக்கு, உங்கள் சமன்பாடே நிறையில்லாத உலகை அனுமதிக்கிறது என்று காட்டியாயிற்று. ஐன்ஸ்டைன் மார்ச் 24 அன்றே பதில் எழுதினார்: பொருளே இல்லாத உலகம் சாத்தியம் என்றால் அது எனக்குத் திருப்தி தராது. டி சிட்டர் தம் டச்சுக் கட்டுரையின் பின்குறிப்பில் அந்த வரியையே எடுத்துப் போட்டார்!

ஏப்ரல் 1 அன்று டி சிட்டர் எழுதியதில் ஒரு வானியலாளரின் எச்சரிக்கை தெரிகிறது. நம்மிடம் இருப்பது உலகின் ஒரே ஒரு நிழற்படம். அதில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பதால், படம் எடுத்த கணத்தில் இருந்தபடியே எல்லாம் என்றும் இருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது. அண்டம் விரிவடைகிறது என்று அமெரிக்க வானியலாளர் ஹப்பிளின் அளவுகள் காட்டுவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பு எழுதிய வரி. ஏப்ரல் 14 அன்று ஐன்ஸ்டைன் லாம்டா பற்றி எழுதியது அதற்குச் சளைத்ததல்ல. அந்த உறுப்பு இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு நாள் நட்சத்திரங்களின் இயக்கத்தையும், தொலைவுக்குத் தக்கபடி நிறமாலைக் கோடுகள் நகர்வதையும் பார்த்து முடிவுசெய்ய முடியும். உறுதியான நம்பிக்கை நல்ல முடுக்குவிசை, ஆனால் மோசமான நீதிபதி. 1998இல் தொலைதூர வெடிமீன்களை (சூப்பர்நோவா) அளந்தவர்கள் செய்தது கிட்டத்தட்ட ஐன்ஸ்டைன் சொன்ன அந்தச் சோதனையைத்தான்.

இந்தக் காலத்தில் இருவருக்கும் உடல்நலம் சரியில்லை. டி சிட்டருக்குக் காசநோய். ஐன்ஸ்டைனுக்கு ஈரலும் வயிறும் சேர்ந்து படுத்தியதில் ஆள் இளைத்துப்போனார். பெர்லினில் உணவுத் தட்டுப்பாடு வேறு. படுக்கையில் கிடந்த இருவர் அண்டத்தின் வடிவத்தைப் பற்றித் தபாலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே ஊரில் இருந்திருந்தால் மாலைப் பேச்சோடு கரைந்துபோயிருக்கும் இந்த விவாதம். கடிதமாக இருந்ததால் ஒவ்வொரு அடியிலும் கணக்கைப் போட்டுத் தாளில் நிறுத்த வேண்டியிருந்தது. நவீன அண்டவியலின் முதல் ஆவணங்கள் இப்படித்தான் கிடைத்தன.

வழியில் தொலைந்தவை

லைடன் வழியாக எல்லாமே போய்ச் சேர்ந்தன என்று நினைத்துவிடக் கூடாது. டி சிட்டரின் வெற்று அண்டத்தில் தொலைவில் உள்ள பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்து தெரிய வேண்டும். அதைச் சோதிக்க, நிறமாலை நகர்விலிருந்து கணக்கிட்ட சுருள் நெபுலாக்களின் (இன்று நாம் விண்மீன் மண்டலங்கள் என்பவை) வேகம் வேண்டும். அமெரிக்காவில் லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1917க்குள் 25 நெபுலாக்களின் வேகத்தை அளந்துவிட்டார். அவற்றில் பெரும்பாலானவை நம்மைவிட்டு விலகிச் சென்றுகொண்டிருந்தன. மூன்றாவது கட்டுரையில் டி சிட்டர் பயன்படுத்தியது மூன்றே மூன்று. ஆண்ட்ரோமேடா நொடிக்கு 311 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. மற்ற இரண்டும் 925, 1185 என்று விலகுகின்றன. சராசரி 600. மூன்று எண்களை வைத்துக்கொண்டு யாரை நம்பவைக்க முடியும்? ஸ்லைஃபரின் முழுப் பட்டியல் கையில் இருந்திருந்தால் அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நம் கொடைக்கானலுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. அங்கே வானாய்வக இயக்குநராக இருந்த ஜான் எவர்ஷெட் சூரிய நிறமாலைக் கோடுகள் மிக நுட்பமாகச் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதைப் போருக்கு முன்பிருந்தே அளந்துவந்தார். ஐன்ஸ்டைனின் கணிப்புகளில் அதுவும் ஒன்று. 1917இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் சார்லஸ் செயின்ட் ஜான் அப்படி ஒரு நகர்வே தெரியவில்லை என்று அறிவித்ததும் எடிங்டனுக்குத் தலைவலி. போர் முடிந்த பிறகே எவர்ஷெட்டும் செயின்ட் ஜானும் ஐன்ஸ்டைன் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

எடிங்டன் சும்மா இருக்கவில்லை. டி சிட்டரிடம் பெற்றதை வைத்துத் தாமே கோட்பாட்டைக் கற்றுத் தேர்ந்து, ஒளி பரவும் ஊடகம் என்று நம்பப்பட்ட ஈதரைக் காப்பாற்றப் போராடிய ஆலிவர் லாட்ஜ் போன்றவர்களோடு இதழ்களில் வாதாடி, 1918இல் லண்டன் இயற்பியல் கழகத்துக்காக ஒரு முழு அறிக்கை எழுதினார். பொதுச் சார்பியலை ஆங்கிலத்தில் முழுமையாகச் சொன்ன முதல் நூல் அது.

தீர்ப்பாயத்தில் ஒரு பேராசிரியர்

அந்த அறிக்கை எழுதியவர் 1918 கோடையில் படைக்குப் போகத் தயாரா என்று கேட்கும் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தப்பட்டார். 1916இல் கட்டாய ராணுவ சேவை வந்தபோது, இவர் வேலை நாட்டுக்கு முக்கியம் என்று கேம்பிரிட்ஜ் விலக்கு வாங்கிக் கொடுத்திருந்தது. 1918 வசந்தத்தில் ஜெர்மன் தாக்குதல் உக்கிரமானதும் அரசு அந்த விலக்கை எதிர்த்து முறையிட்டது. எடிங்டனுக்கு 35 வயது, திருமணமாகாதவர், திடகாத்திரமானவர். தாம் மனச்சாட்சியின்படி போரை எதிர்ப்பவர் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

இந்தக் கட்டத்தைப் பற்றிப் பிற்காலத்தில் நமக்குச் சொன்னவர் சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930இல் கேம்பிரிட்ஜ் போனவர். எடிங்டனோடு பழகியும் மோதியும் வளர்ந்தவர். அவர் சொன்னபடி, பெரியவர்கள் எல்லாம் பேசி விலக்குக்கு ஏற்பாடு செய்து, கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பும்படி ஒரு கடிதம் வந்தது. எடிங்டன் கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு பின்குறிப்பும் சேர்த்தார்: இந்தக் காரணத்துக்காக விலக்கு இல்லை என்றாலும் மனச்சாட்சிக் காரணத்துக்காகக் கேட்பேன். பெரியவர்கள் எரிச்சலடைந்தார்கள். என் குவேக்கர் நண்பர்கள் முகாமில் உருளைக்கிழங்குத் தோல் உரிக்கிறார்கள், நானும் போய் உரித்தால் என்ன என்பது எடிங்டனின் நிலை. தீர்ப்பாயப் பதிவுகளில் இது இவ்வளவு நேர்த்தியாக இல்லை. பலமுறை விசாரணை, பலமுறை ஒத்திவைப்பு.

முடிச்சை அவிழ்த்தது இன்னொரு கடிதம். அரச வானியலாளர் ஃபிராங்க் டைசன் தீர்ப்பாயத்துக்கு எழுதினார். முக்கியமான ஆராய்ச்சியெல்லாம் ஜெர்மனியில்தான் நடக்கிறது என்ற தவறான எண்ணத்துக்கு எடிங்டனின் வேலை தக்க பதில் என்றார். 1919 மே 29 அன்று வரும் கிரகணம் தனிச்சிறப்பானது என்றும் சொன்னார். அன்று சூரியன் ஹையடீஸ் நட்சத்திரக் கூட்டத்துக்கு நடுவில் நிற்கும். பிரகாசமான நட்சத்திரங்கள் சுற்றிலும் இருக்கும். ஜெர்மனியில் பிறந்த கோட்பாட்டைச் சோதிக்கப்போகிறவருக்கு ஜெர்மானியருக்கு எதிரான வாதத்தைச் சொல்லி விலக்கு கேட்டிருக்கிறார் டைசன். சாமர்த்தியம்தான், குறை சொல்ல எனக்கு மனமில்லை. கிரகண வேலையைத் தொடர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஓராண்டு விலக்கு கிடைத்தது.

கிரகணத்துக்குப் பின்னும் அதே வழி

கிரகணத்தை எல்லோரும் எழுதிவிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவை அடுத்த பிரின்சிப்பே தீவில் எடிங்டனும் காட்டிங்ஹாமும், பிரேசிலின் சோப்ராலில் குரோம்லினும் டேவிட்சனும். பிரின்சிப்பேயில் மேகம். கிடைத்த தகடுகளிலிருந்து ஒளி வளைந்த அளவு 1.61 வில்விநாடி, சோப்ராலின் சிறிய தொலைநோக்கியிலிருந்து 1.98; ஐன்ஸ்டைன் சொன்னது 1.75. சோப்ராலின் இன்னொரு கருவி குவியம் பிசகியதால் நியூட்டன் கணக்குப்படி வரும் பாதி மதிப்பின் பக்கம் சாயும் எண்ணைக் கொடுத்தது, அதை ஒதுக்கிவைத்தார்கள். அது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இந்த ஆய்வுக்கு முக்கியமானது செய்தி போன பாதை. போர் நின்று பத்து மாதம் ஆன பிறகும் கேம்பிரிட்ஜிலிருந்து பெர்லினுக்கு நேராக ஒரு வரி போகவில்லை. 1919 செப்டம்பர் 12 அன்று ஐன்ஸ்டைன் லைடனில் உள்ள ஏரன்ஃபெஸ்டிடம், ஆங்கிலேயர்களின் கிரகண அளவீடு பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்கிறார். அதே மாதம் போர்ன்மத் நகரக் கூட்டமொன்றில் எடிங்டன் முதற்கட்ட முடிவைச் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்த டச்சு இயற்பியலாளர் வான் டெர் போல் அதை லோரன்ஸிடம் சேர்த்தார். லோரன்ஸ் பெர்லினுக்குத் தந்தி கொடுத்தார். செப்டம்பர் 27 அன்று ஐன்ஸ்டைன் தம் தாய்க்கு, லோரன்ஸ் தந்தி அடித்திருக்கிறார், ஆங்கிலேயக் குழுக்கள் ஒளி வளைவதை நிரூபித்துவிட்டன என்று அஞ்சலட்டை போட்டார். லண்டனில் முறையான அறிவிப்பு வந்தது நவம்பர் 6 அன்று.

எடிங்டன் ஐன்ஸ்டைனுக்கு நேரடியாக எழுதியது டிசம்பர் 1 அன்று. இங்கிலாந்து முழுக்க உங்கள் கோட்பாட்டைப் பற்றித்தான் பேச்சு, இரு நாட்டு அறிவியல் உறவுக்கு இதைவிட நல்லது நடந்திருக்க முடியாது என்று மகிழ்ச்சி பொங்க எழுதினார். அந்த மகிழ்ச்சி ஏழு வாரம்கூட நிலைக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே ராயல் வானியல் கழகத்தின் குழு தங்கப் பதக்கத்தை ஐன்ஸ்டைனுக்குக் கொடுக்க வாக்களித்தது. ஜனவரியில் அதை உறுதிசெய்ய வேண்டிய கூட்டத்துக்கு எதிர்ப்பாளர்கள் முழுப் பலத்தோடு திரண்டு வந்து தடுத்துவிட்டார்கள். 1920இல் பதக்கம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. விஷயத்தை விளக்கி, வருத்தம் தெரிவித்து பெர்லினுக்குக் கடிதம் எழுதும் வேலையும் எடிங்டன் தலையில்தான் விழுந்தது. ஐன்ஸ்டைனுக்கு அந்தப் பதக்கம் 1926இல் கிடைத்தது.

1919இல் தொடங்கிய சர்வதேச வானியல் ஒன்றியத்தில் ஜெர்மனிக்கு இடமில்லை என்று விதியே இருந்தது. 1926இல் விதியை எடுத்த பிறகும் ஜெர்மனி சேரவில்லை. 1925 முதல் 1928 வரை ஒன்றியத்தின் தலைவராக இருந்தவர் டி சிட்டர். 1928 பொதுக்கூட்டம் லைடனில் நடந்தது. ஜெர்மனி உறுப்பு நாடு இல்லை என்று தெரிந்தும், ஜெர்மன் வானியலாளர்களை விருந்தினர்களாக வரும்படி அவர் அழைப்பு அனுப்பினார்.